ஈயத் தாயத்தும் ஒன்றரைக் கிலோவும்

நீங்கள் நர்ஸ் பயிற்சி பெறும் வார்டின் மேஜை மேல் இருக்கும் புது மெஷினைப் போன வாரம் பார்த்தேன். பிள்ளையின் கையில் பட்டையைச் சுற்றி ஒரு பொத்தானை அமுக்கினால், அதுவே காற்றடித்து, அதுவே இறக்கி, பிரஷர் எவ்வளவு என்று எண்ணையும் காட்டிவிடுகிறது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் எண் கொஞ்சம் கூடுதலாக வந்ததும் உங்களில் ஒரு பெண், "சே, இது தப்பாத்தான் இருக்கும்" என்றாள் பாருங்கள், நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். அவள் கெட்டிக்காரி, மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் பார்க்காமலே தப்பு என்று எழுதியவள் நான். ஓய்வு பெற்ற நர்ஸ் சும்மா இருக்காமல் ஏன் இதை எழுதுகிறாள் என்று கேட்டால், காரணம் அதுதான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தஞ்சாவூரில் பெரிய டாக்டர் ஒருவர் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார். பாபநாசத்துக்கு மேற்கே ஏழெட்டு ஊர்களில் பிறந்த பிள்ளைகளைப் பிறந்த நாளிலிருந்து மாதாமாதம் நிறுத்து எழுத வேண்டும். அவர்களுக்கு நாலு வயது தாண்டியதும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். முதலில் பிறந்தவர்கள் நாலைத் தாண்டிய சமயத்தில்தான் நான் வேலையில் சேர்ந்தேன். சிறிசாகப் பிறந்த பிள்ளை, பிறகு சட்டென்று எடை ஏறிய பிள்ளை, ஏறவே ஏறாத பிள்ளை, இவர்களுக்குள் அழுத்தத்தில் ஏதாவது வித்தியாசம் உண்டா என்பது கேள்வி. இன்றைக்கு உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு பத்தி இருக்கிறது. எங்களிடம் கேள்வி மட்டும்தான் இருந்தது.

பிரஷர் என்றால் பணக்கார வியாதி என்று எல்லாருக்கும் தெரியும். கூலிக்காரர் வீட்டில் நாலு வயசுப் பிள்ளைக்குப் பிரஷர் பார்க்கிறேன் என்று போய் நின்றால் ஊர் என்ன நினைக்கும்? முதல் மாதம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது மாதம், நான் குடும்பக் கட்டுப்பாட்டு ஆள், கைவழியாகவே காரியத்தை முடித்துவிடுகிறேன் என்று ஒரு வதந்தி கிளம்பி, பட்டையைக் கண்டாலே பிள்ளைகள் வீறிட்டு அலற ஆரம்பித்தார்கள். அலறுகிற பிள்ளைக்கு அழுத்தம் ஏறித்தான் காட்டும். அதனால் பெரிய டாக்டர் ஒரு விதி வைத்திருந்தார். அழுகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடங்காவிட்டால் எண்ணை எழுதாமல், அந்தக் கட்டத்தில் 'அழுகை' என்று எழுதிவிட வேண்டும். கட்டத்தை எண் இல்லாமல் விடுவதற்கு எங்கள் பதிவேட்டில் இருந்த ஒரே காரணம் அந்த அழுகைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடம், பட்டை. பிள்ளைகள் கைக்கு ஏற்ற சின்னப் பட்டை அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் ஒரு ரப்பர் பையைக் கொடுத்து, கும்பகோணத்தில் ரவிக்கை தைக்கிற ஒருவரிடம் அளவு சொல்லித் தைக்கச் சொன்னார். அவர் தொழில் சுத்தமான மனிதர். பட்டை வந்தபோது ஓரத்தில் அழகாகச் சுருக்கு வைத்து, ஒரு கொக்கியும் வைத்திருந்தது. ரவிக்கையில் அரை விரல் உள்ளே மடித்துப் பிடிப்பதுபோல இதிலும் பிடித்திருப்பாரோ என்று எனக்குத் தீராத சந்தேகம். பட்டை அளவில் குறுகிவிட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அகலமாகிவிட்டால் குறைத்துக் காட்டும். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

இனி என் முதல் தப்பு. குறுவை முற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கோட்டையில் கழக ஆட்சி. நில உச்சவரம்பு, கூலி உயர்வு என்று ஊருக்கு ஊர் பேச்சு. நான் போகும் ஓர் ஊரிலும் கூலிக்காரர் சங்கம் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டது, மிராசுதார் முடியாது என்றார். தாசில்தார் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் பார்த்து நான் டீக்கடை வாசலில் நின்று, "பிள்ளைகளை ஒழுங்காக் கூட்டிட்டு வாங்க, இந்த எடையெல்லாம் கவர்மெண்டு பாக்கப் போவுது" என்று சொல்லிவிட்டேன். அப்படி எதுவும் கிடையாது. எடையை நானும் பெரிய டாக்டரும்தான் பார்ப்போம். கூட்டம் சேரட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். ஒரு வாரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளின் எடை பேச்சுவார்த்தைக்குப் போகிறது, எடை கூடினால் கூலி போதும் என்று தாசில்தார் சொல்லிவிடுவார், குறைந்தால் கூலி ஏறும். மிராசுதாரும் இதை நம்பினார், சங்கச் செயலாளர் தங்கையனும் இதை நம்பினார். அந்த ஊரில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த மாதம் பூவரச மரத்துக் கிளையில் தொங்கு தராசை மாட்டி, தூளித் துணியில் பிள்ளைகளை உட்காரவைத்து நிறுத்தால், அத்தனை பிள்ளையும் எடை ஏறியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே அளவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலாவது பிள்ளையைத் தூக்கும்போதுதான் அவன் இடுப்பில் ஏதோ என் மணிக்கட்டில் இடித்தது. அரைஞாண் கயிற்றில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தாயத்து. உருட்டி வார்த்த ஈயம். மிராசுதார் பிள்ளைகளின் க்ஷேமத்துக்காகக் கோயிலில் வைத்து மந்திரித்து வீட்டுக்கு வீடு கொடுத்தாராம். பெற்றவர்களும் நல்லதுதானே என்று வாங்கிக் கட்டியிருக்கிறார்கள்.

கழற்றுங்கள் என்றேன். ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. சட்டை கழற்றலாம், கொலுசு கழற்றலாம், பிள்ளையின் அரைஞாணை மட்டும் அவிழ்க்கக் கூடாது. இற்றுப்போனாலும் புதுக் கயிறு கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். மிராசுதாருக்கு இது தெரியாமலா தாயத்து என்று யோசித்திருப்பார்? கடைசியில் உபரியாக இருந்த ஒரு தாயத்தை வாங்கி மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு பிள்ளையின் எடையிலும் அதைக் கழித்துக்கொண்டேன். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு 'தாயத்து' என்று எழுதினேன். நல்ல ஆய்வாளர் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

தங்கையன் விடவில்லை. ஈயத்தைக் கழித்தால் போதாது, மந்திரித்ததையும் கழிக்க வேண்டுமா என்று பெரிய டாக்டருக்குக் கடுதாசி எழுதினார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய டாக்டர் ஏலக்காயை மென்றுகொண்டே அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "பத்து நாள் கழிச்சு மறுபடியும் நிறுத்துட்டு வந்துடும்மா" என்றார்.

அந்தப் பத்து நாளில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. கதிர் தலைசாய்ந்து நிற்கிறது, கிழக்கே மேகம் கட்டுகிறது, அறுக்க ஆளில்லை. கூலிக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சங்கம் ஒரு கஞ்சித் தொட்டி வைத்து ஒரு வேளைக்கு ஊற்றியது. காலையில் ஜீப் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் மறுபடி வரும்.

மரத்தடியில் வரிசை நிற்கவே இல்லை. நாலு பிள்ளை நின்றால் மூன்று வாய்க்கால் பக்கம் ஓடும். என்ன என்று கேட்டால், முந்தின நாள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். வயிறு சுத்தமாகட்டும் என்று பண்ணியதாகத் தங்கையன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஒருவனைத் தூளியில் உட்காரவைத்து முள் நிற்பதற்குள் அவன் காரியத்தை அங்கேயே முடித்துவிட்டான். அந்த எடையை முன்னால் உள்ளதாக எழுதுவதா, பின்னால் உள்ளதாக எழுதுவதா? சிரிக்காதீர்கள், நான் வெகுநேரம் யோசித்தேன். மிராசுதார் வாய்க்கால் மேட்டில் கார் பக்கத்தில் குடை பிடித்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பிள்ளையும் எடை குறைந்திருக்க, மலர்க்கொடி மட்டும் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தாள்.

அஞ்சலையின் மகள். நாலரை வயது. அப்பன் நடவுக் காலத்தில் பாம்பு தீண்டி இறந்துபோனான். அவன் ஏதோ மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு வைத்த பெயர் அது. பத்து நாளில் ஒன்றரைக் கிலோ. தாயத்துகூட இல்லை, அஞ்சலை அன்றே கயிற்றோடு மாற்றி எறிந்துவிட்டாள். மறுபடியும் நிறுத்தேன், அதே எடை. முகம் பளபளவென்று உப்பி, கன்னம் திரண்டு இருந்தது. கால்களில் காய்ந்துகொண்டிருக்கும் சிரங்கு. அது எல்லாப் பிள்ளைக்கும் இருந்தது.

மேட்டிலிருந்து மிராசுதார் இறங்கி வந்துவிட்டார். "பாத்தியா தங்கையா, பட்டினி பட்டினின்னியே. புள்ள எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு பாரு" என்றார். தங்கையனுக்கு முகம் கறுத்துப்போயிற்று. அவர் அஞ்சலையிடம் திரும்பினார். கொல்லை வழியாகப் பெரிய வீட்டுக்குப் போய் அரிசி வாங்குகிறாயா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அப்படியானால் பிள்ளை எதைத் தின்று பெருத்தது என்று கேட்டார். அவள் பிள்ளையைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். நாளையிலிருந்து கஞ்சித் தொட்டிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் அவளை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

நானும் தள்ளித்தான் நின்றேன். ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். இவர்கள் புதிதாக ஏதோ தில்லுமுல்லு கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற எரிச்சல் எனக்கு. அந்த எரிச்சலோடுதான் மலர்க்கொடியின் கையில் பட்டையைச் சுற்றினேன். மற்றப் பிள்ளைகள் பட்டையைக் கண்டு அலறி ஓடினார்கள். இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் பாதி செருகி, அம்மா மேல் சாய்ந்து, கையை என்னிடம் கொடுத்துவிட்டாள். நல்ல பிள்ளை என்றுகூடச் சொன்னேன்.

எண் நூற்றைம்பதுக்கு மேல் நின்றது. நாலரை வயதுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தையல்காரரும் அவருடைய சுருக்கும்தான். இந்த எண்ணைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனால் பெரிய டாக்டர் எனக்குப் பட்டை கட்டத் தெரியவில்லை என்பார். கட்டத்தை வெறுமையாக விடவும் முடியாது. அதற்கு ஒரே ஒரு காரணம்தானே உண்டு?

'அழுகை' என்று எழுதினேன்.

அழாமல் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு நேராக அப்படி எழுதிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். தப்பு பண்ணும்போது நெஞ்சு படபடக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

மத்தியானம் எல்லாரும் கலைந்த பிறகு நான் தராசை இறக்கி மடித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நர்ஸம்மா, ஒங்க பையில நூலு கீலு கெடக்குமா?" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"அரணாக்கயிறு புள்ளய இறுக்குது. செவ்வாக்கெழமதான் பெருசாக் கட்டுனேன். அதுக்கு முந்தி வெள்ளிக்கெழம ஒருவாட்டி. இப்ப மறுபடியும் வயித்துல பதியுது."

பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். கறுப்புக் கயிறு வயிற்றுக்குள் அழுந்தி, ஓரமெல்லாம் சிவந்திருந்தது. நான் மாதம் ஒரு தரம் தராசோடு வந்து என் கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, இவள் வாரத்தில் மூன்று தரம் தன் பிள்ளையை அளந்திருக்கிறாள். பெருக்கிற பிள்ளைக்குக் கயிறு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகும். சோறு தின்று யாரும் நாலு நாளில் கயிறு மாற்றுவதில்லை.

நான் குனிந்து பிள்ளையின் கெண்டைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பாவி, இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது? மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். கொஞ்சமாகப் போகிறது, கடுங்காப்பி நிறத்தில் போகிறது, விளக்கெண்ணெயால் இருக்கும் என்று நினைத்தேன் என்றாள். பிள்ளை தலைவலி என்று சொல்லிக் காலையிலிருந்து இரண்டு தரம் வாந்தியும் எடுத்திருக்கிறாள். ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன்.

"யார்கிட்ட சொல்றது? புள்ள பெருத்துடுச்சுன்னாலே திட்டுறீங்க" என்றாள்.

அப்போது ஒன்று செய்தேன், அதை மட்டும் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பையிலிருந்து பெரியவர்களுக்கான பட்டையை எடுத்தேன். அது இவள் கையில் தோளிலிருந்து முழங்கை வரை மூடிவிட்டது. அகலப் பட்டை குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அதிலேயே நூற்று நாற்பது வந்தது. இனி தையல்காரர் மேல் பழிபோட வழியில்லை. ஒன்றரைக் கிலோவும் சதை அல்ல, நீர். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது.

ஜீப் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மறியலால் பஸ் ஓடவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரே ஒரு வண்டி, மிராசுதாரின் கார். எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? இது தப்பாகப் போனால் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுதான். காலையில் நல்ல பிள்ளை என்றவள் மத்தியானம் காரைக் கேட்கிறாள். ஜீப் வரட்டும், பெரிய டாக்டர் முடிவு சொல்லட்டும் என்று இருந்துவிட ஆசையாக இருந்தது. அஞ்சலை நூலுக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் கத்திரியை எடுத்துப் பிள்ளையின் அரைஞாணை அறுத்தேன். புதுக் கயிறு கட்டாமலே அறுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

இதற்கப்புறம் நடந்ததை நான் சொன்னால் கட்டி விடுகிறேன் என்பீர்கள். காரைக் கேட்டதும் மிராசுதார் உடனே சம்மதித்தார். ஆனால் டிரைவர் ராசு சங்கத்து ஆள், வேலைநிறுத்தத்தில் இருந்தான். வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில் மேட்டில் நிறுத்திய காரை அங்கேயே துடைப்பான், ஓட்ட மாட்டான். மிராசுதாருக்கு ஓட்டத் தெரியாது. தங்கையனை அழைத்துவந்தார்கள். முதலில் நம்பவில்லை. நான் அவர் விரலைப் பிடித்துப் பிள்ளையின் காலில் அழுத்திக் காட்டினேன். தன் காலிலும் அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. பிறகு ராசுவிடம், முதலாளிக்காக ஓட்டாதே, பிள்ளைக்காக ஓட்டு என்றார். ராசு ஒரு நிபந்தனை போட்டான். மிராசுதார் வழக்கம்போல முன் சீட்டில் உட்கார்ந்தால் அது வேலை செய்தது ஆகிவிடும், அவர் பின்னால்தான் உட்கார வேண்டும். மிராசுதார் வராமல் இருந்திருக்கலாம். காரைச் சங்கத்தை நம்பி விட அவருக்கு மனமில்லை. பிள்ளையை மிராசுதாரை நம்பி விடத் தங்கையனுக்கு மனமில்லை. அதனால் தங்கையன் முன்னால், பின்னால் ஒரு ஓரம் மிராசுதார், மறு ஓரம் அஞ்சலையும் மடியில் பிள்ளையும். மிராசுதாரும் அஞ்சலையும் ஒட்டி உட்காரக்கூடாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். நடுவில் என்னை எல்லைக்கல்லாக வைத்தார்கள்.

மதகுப் பாலத்தில் மறியல். மிராசுதார் காரைப் பார்த்ததும் ஐம்பது பேர் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். தங்கையன் இறங்கிச் சங்கக் கொடியை வாங்கிக் காரின் முகப்பில் கட்டினார். கொடியோடு கார் தாண்டியது. மிராசுதார் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மைல் போனதும் வேறொரு ஊர் எல்லையில் மிராசுதார்களின் ஆட்கள் தடிகளோடு நின்றார்கள். கொடியைப் பார்த்ததும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்போது மிராசுதார் தலையை வெளியே நீட்டித் தன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. கொடி எப்படி வந்தது என்று கேட்டார்கள். தங்கையன் இறங்கிக் கொடியை அவிழ்த்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார். கார் நகர்ந்ததும், பிள்ளை நல்லபடியாக ஆனால் மிராசுதார் காரில் போனதாகச் சொல்வதா, சங்கம் சொன்னதால் போனதாகச் சொல்வதா என்று இருவரும் என் தலைக்கு மேலாகத் தர்க்கம் பண்ணினார்கள். அந்தத் தர்க்கத்தின் நடுவில்தான் மலர்க்கொடிக்கு வலிப்பு வந்தது.

அவளை ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னேன். தலை அஞ்சலை மடியில், இடுப்பு என் மடியில், கால்கள் மிராசுதார் மடியில். உதறுகிற அந்தக் கால்களை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிரங்கின் நீர் அவர் வெள்ளை வேட்டியில் ஒட்டியது. வாயில் நுரை தள்ளியதும் துணி, துணி என்றேன். தங்கையன் முன் சீட்டிலிருந்து திரும்பி, சட்டைக்குள் கையை விட்டுக் கொடியை எடுத்து, அவரே பிள்ளையின் வாயைத் துடைத்தார். அதற்குப் பிறகு தஞ்சாவூர்வரை ராசு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பதிவேடு என் காலடியில் கிடந்தது. அதில் நான் எழுதிய ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளை செத்தால், நான் காலை பத்து மணிக்கே அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறைத்தவள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், கூட வந்தவர்கள் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டார். மிராசுதார், "ஊரு" என்றார். நீங்கள் என்று தங்கையனைக் கேட்டார். "நானும் ஊருதான்" என்றார். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

சிரங்கிலிருந்து கிளம்பிய வினை சிறுநீரகத்தைப் பிடித்து, நீர் வெளியேறாமல் உடம்பில் தேங்கி, அழுத்தம் ஏறி மூளைவரை போயிருக்கிறது என்று பெரிய டாக்டர் விளக்கினார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். மூன்றாம் நாள் மூத்திரம் தாராளமாகப் போக ஆரம்பித்தது. எடை இறங்க இறங்க அஞ்சலைக்குச் சந்தோஷம், எனக்கும்தான். பிள்ளை எடை குறைந்ததற்குச் சந்தோஷப்பட்டது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

பேச்சுவார்த்தையும் நடந்தது. மிராசுதார் தாயத்தோடு ஏறிய எடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாராம், தங்கையன் விளக்கெண்ணெய்க்குப் பிந்திய எடையை எழுதிக்கொண்டு போனாராம். தாசில்தார் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த எடை?" என்று கேட்டாராம். அவருக்கு ஒன்றுமே தெரியாது. அன்று மத்தியானம் இடி இடித்தது. நெல் கொட்டிவிடும் என்ற பயத்தில் மிராசுதார் அரை மரக்காலுக்குச் சம்மதித்தார். அஞ்சலையிடம் தங்கையன் வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் நின்றார்.

எனக்கு வேறு விசாரணை இருந்தது. பெரிய டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"அன்னிக்கு இந்தக் கொழந்த அழுதுச்சாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப யாரு அழுதா?"

நான்தான் அங்கேயே அழுதேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். ரப்பரால் அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். போட்டேன். தப்பும் தெரியும்படி, திருத்தமும் தெரியும்படி அந்தப் பக்கம் இன்னமும் எங்கேயாவது ஓர் அலமாரியில் இருக்கும். எண் நம்பும்படியாக இல்லை என்றால் அதை எழுதிவிட்டு மறுபடியும் பாருங்கள். நம்பாததற்கு ஒரு காரணம் கைவசம் தயாராக இருக்கிறதே என்று எடுத்து ஒட்டாதீர்கள். இதற்குமேல் உபதேசம் பண்ண எனக்குத் தகுதி இல்லை.

மூன்றாவது வாரம் மலர்க்கொடியை வீட்டுக்கு அனுப்பும் நாள். போவதற்குமுன் கடைசியாக ஒரு தரம் அழுத்தம் பார்க்க வேண்டும். இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு தளர்வாகத் தொங்கியது. முகம் சுருங்கி, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக, பழைய மலர்க்கொடியாக உட்கார்ந்திருந்தாள். நான் கும்பகோணத்துப் பட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அலறினாள். கையை உதறினாள். என் மணிக்கட்டைக் கடித்தும் விட்டாள். அஞ்சலை பதறி, சும்மா இருடி, நர்ஸம்மா தங்கமானவங்க என்று என்னென்னவோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். அழட்டும் விடு, எனக்கு அவசரமில்லை என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. நான் பதிவேட்டைத் திறந்து அன்றைய கட்டத்தில் 'அழுகை' என்று எழுதினேன். பார்த்து எழுதினேன்.